வெட்டி ஒட்டின ரிங்டோன்

7.7.08 திங்கள்

மன்னிச்சுக்கணும், இந்நேரத்துல எழுதுறதுக்கு. யார்கிட்ட கேக்குறேன்? இந்த டைரிகிட்டதான். காலேஜ்ல இருந்தே இந்தப் பழக்கம், லேட்டா எழுதினா முதல்ல ஒரு ஸாரி. வீடு தூங்கினாத்தான் எனக்குக் கை காலியாகுது.

ஒரே காத்து. ஆடி இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள மாடியில காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுத் தென்னை மரத்துல. மத்தியானம் முழுக்க கரண்ட் இல்ல.

இன்னைக்கு முடிஞ்ச வேலை:
– அனுவுக்கு நகம் வெட்டியாச்சு (தூக்கத்துல, கண் மூடினதுக்கு அப்புறம்).
– இட்லிக்கு ஆட்டியாச்சு.
– ரிங்டோன் அனுப்பியாச்சு.

ரிங்டோன் கதை. அவர் மஸ்கட்டுல, எலக்ட்ரிக்கல் வேலை. வெள்ளிக்கிழமை லீவு, வெள்ளிக்கிழமை போன். எடுத்ததும் ஒரே கேள்வி, "பாப்பா ஏதாச்சும் சொன்னாளா?" பாப்பாவுக்கு ரெண்டேகால் வயசு. ஒண்ணும் சொல்லல. ஆ. ம்ம். ப்பா. இம்புட்டுத்தான். யாரையும் பாத்துச் சொல்றதில்ல, வாயில வர்ற சத்தம்.

போன மாசம் இங்க குழந்தை டாக்டர் அவ பின்னால நின்னு கை தட்டிப் பாத்தார். ரெண்டாவது தடவையும் தட்டினார். அப்புறம் என் முகத்தைப் பாக்காமலே, "மதுரையில காது டெஸ்ட் எடுத்துருங்கம்மா"ன்னு சீட்டு எழுதினார். 22ந்தேதி வரச் சொல்லியிருக்காங்க.  சும்மா இருந்தா அந்தத் தேதியையே நினைக்கத் தோணும். அதான் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் அப்பா கல்யாணத்துக்கு வாங்கித் தந்தது. பி.எஸ்.ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச பிள்ளைக்கு வேற என்ன சீர் செய்யன்னு சொன்னார். இத்தனை நாளா அது மேல துணி போட்டு, துணி மேல மாதா படம். பிரவுசிங் சென்டர்ல இருந்து (இனிமே பி.செ.) பென் டிரைவுல ஒரு சாப்ட்வேர் கொண்டாந்தேன். இலவசம். பாட்டை வெட்டலாம், ஒட்டலாம், சத்தம் கூட்டலாம் குறைக்கலாம். எம்பி3யா சேமிக்கணும்னா மட்டும் இன்னொரு பைல் தனியா இறக்கணுமாம். அதுக்கு மறுபடி ஒரு நடை.

ஹெட்போன் மைக்கை அனு வாய்கிட்டப் பிடிச்சுக்கிட்டே ஒரு வாரம். திரையில அவ சத்தம் நீலக் கம்பளிப்பூச்சி மாதிரி ஊருது. தலையில தண்ணி ஊத்துறப்ப வந்தது ஒரு "ஆ". பாதியா வெட்டினா "அ". சூடு இட்லியை ஊதுறப்ப வாய் திறந்து வந்தது ஒரு "ப்பா". அதுக்கு அடியில குக்கர் விசில். விசிலை எடுத்தா பிள்ளை வாளிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆகுது. வேற "ப்பா" தேடி, நெருக்கி வச்சேன். விக்கல் மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி வச்சேன்.

அப்பா.

கைமுடி எல்லாம் நிமிர்ந்துருச்சு. நானே ஒட்டினது, எனக்கே அப்படி. மூணு தடவை காப்பி பண்ணி, கடைசியில மெல்ல மங்குற மாதிரி வச்சு, ரிங்டோன்.

மெயில்ல தெளிவா எழுதினேன்: "பாப்பா இதைச் சொல்லல. தனித்தனியா வந்த சத்தத்தை நான் வெட்டி ஒட்டினது. சும்மா ஒரு ஆசைக்கு. 22ந்தேதி மதுரை போறோம், ஜெபம் பண்ணிக்குங்க."

இதுக்கு மேல எப்படித் தெளிவா எழுதுறது?

11.7.08 வெள்ளி

முதல்ல ஸாரி, ரொம்ப லேட்டு.

காலையில போன். ஹலோ கூடச் சொல்லல.

"ஸ்டெல்லா! பேசிட்டா! எம்மவ பேசிட்டா!"

"ஏங்க, மெயிலைப் படிக்கலையா? அது நான்..."

"ரூம்ல அத்தனை பேரும் அதான் வச்சிருக்கானுங்க. எவன் போன் அடிச்சாலும் எம்மவ என்னையக் கூப்பிடுறா. பக்கத்துக் கட்டில் பெங்காலி அழுதுட்டான், தெரியுமா?"

"அது ஒட்டினதுங்க. கம்ப்யூட்டர்ல."

"ஒட்டினா என்ன? குரல் அவ குரல்தான?"

"குரல் அவளுதுதான், ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? இன்னைக்குத் துண்டு துண்டா வாரது நாளைக்குச் சேந்து வரும். அவகிட்ட குடு."

குடுத்தேன். போனைக் காதுல வச்சா அனு அதை எடுத்து நக்கினா. பொத்தானை அமுக்கினா. அந்தப் பக்கம் "அனுக்குட்டி, அப்பா சொல்லு, அப்பா சொல்லு"ன்னு அவர் கத்துறது எனக்கு ஒரு எட்டு தள்ளிக் கேக்குது. "வெக்கப்படுறாளா?"ன்னு சிரிச்சார். அதோட கார்டு தீந்துபோச்சு.

இதுவரைக்கும் துக்கம். இனிமேதான் கோபம்.

மத்தியானம் அவரே கொழுந்தன் ஜான்சன் போனுக்கு அடிச்சு, அத்தைகிட்ட (அவர் அம்மா) பேசியிருக்கார். "பிள்ளை பேச ஆரம்பிச்சிருச்சு, மருதைக்கெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு அலையணும்." அத்தை அப்பவே ஜான்சனை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, 22ந்தேதி வரலன்னு சொல்லிட்டாங்க. நான் பின்னால துணி அலசிக்கிட்டிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை? கிடையாது. சாயங்காலம் காப்பி குடிக்கிறப்ப சாதாரணமா, "அதை வேணாம்னுட்டோம்த்தா."

பெத்தவ நான். சீட்டு வாங்கினவ நான். தேதி வாங்க மூணு தடவை பூத்துல நின்னவ நான். வேணாம்னுட்டோம்!

அவர் மேல கோபம், படிக்காததுக்கு.
அத்தை மேல கோபம், கேக்காததுக்கு.
ஜான்சன் மேல, எதைச் சொன்னாலும் செய்றதுக்கு.
என் மேல. ஆசைக்குச் செஞ்சேனாம் ஆசைக்கு.

பால் பொங்கி அடுப்பு நாறுது. நாளைக்குத் தொடைச்சுக்கலாம்.

13.7.08 ஞாயிறு

கோயில். ஃபாதர் பிரசங்கம் நடுவுல, முன்னால ரெண்டு பெஞ்சு தள்ளி ஒருத்தர் பையில இருந்து:

அப்பா... அப்பா... அப்பா...

எம்பிள்ளை குரல். யாருன்னே தெரியாத ஒரு ஆம்பள, பச்சைச் சட்டை. பதறிப்போய் அமுக்குறார், அமுங்க மாட்டேங்குது. சுத்தி எல்லாரும் சிரிக்கிறாங்க. ஃபாதரே நிறுத்திட்டு, "பதில் சொல்லிட்டு வாங்கப்பா"ங்கிறார். கோயிலே சிரிச்சுச்சு.

அத்தை பக்கத்துல இருந்த மூணு பேர்கிட்டயும், "எம் பேத்தி. எம் பேத்தி."

நான் முட்டிபோட்டு முகத்தை மூடிக்கிட்டேன். ஜெபம்னு நினைச்சிருப்பாங்க.

வீட்டுக்கு வந்து ஜான்சனைப் பிடிச்சேன். அவன் பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் கடையில வேலை. மெமரி கார்டுல பாட்டு ஏத்துறது. என் பென் டிரைவுல வேற எதையோ தேடினவன் டோனைப் பாத்துட்டு எடுத்திருக்கான். அந்தக் கடையில ஒரு வழக்கம்: எது கைக்கு வந்தாலும் "புதுசு"ன்னு ஒரு போல்டர், அதுக்குள்ள போட்ருவாங்க. யார் எந்தப் பாட்டு கேட்டு வந்தாலும் அந்த போல்டரும் கூடவே ஏறும். கேக்க வேண்டியதில்ல, அது கடையோட மரியாதையாம்.

"மதினி, நம்ம பாப்பா செம ஹிட்டு. வேடசந்தூர் மில்லுப் பொண்ணுக வந்தா பேரு கூடச் சொல்லத் தெரியாம, ‘அந்தப் பாப்பா டோனு, அந்தப் பாப்பா டோனு'ன்னு நிக்கிதுக."

"அழிச்சிரு ஜான்சன்."

"எங்க போய் அழிக்க? ப்ளூடூத்துல ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தனுக்குப் போயிருச்சு. நத்தம் வரைக்கும் போயிருக்கும் இந்நேரம்."

"அவ அதைச் சொல்லவே இல்ல. நான் ஒட்டினது."

"அட, சினிமாக்காரங்க மட்டும் ஒரே மூச்சுலயா பாடுறாங்க? எல்லாம் ஒட்டுறதுதான் மதினி. நீங்க கடைக்கு வந்துருங்க, நல்லா வருது உங்களுக்கு."

சிரிச்சுக்கிட்டே சாப்பிட உக்காந்துட்டான். கெட்டவன் இல்ல. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனா இருந்தா திட்டலாம்.

16.7.08 புதன்

அம்மாவைப் பாக்க வேடசந்தூர் போயிட்டு வந்தேன். அம்மாகிட்ட எதுவும் சொல்லல. கத்திரிக்கா ஒரு பை, முருங்கைக்கா, அனுவுக்கு மஞ்ச கவுனு. முருங்கைக்காயை பஸ்ஸுலயே விட்டுட்டேன். ஏன்னு எழுதுறேன்.

திரும்பி வாரப்ப கூட்டம். அனு என் மடியில, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. பின் சீட்டுல மில்லு ஷிப்டு முடிஞ்ச பொண்ணுங்க, தலையெல்லாம் பஞ்சு. ஒருத்தி முன்னால சாஞ்சு சீட்டுக் கம்பியைப் பிடிச்சிருக்கா, அந்தக் கையிலயே போன். போன் அனு காதுல இருந்து ஒரு சாண் கூட இல்ல.

அடிச்சது. முழுச் சத்தத்துல.

அப்பா... அப்பா... அப்பா...

பஸ்ஸே திரும்புச்சு. முன்னால நின்ன பெரியவர் திரும்பினார். கைக்குழந்தை ஒண்ணு பால் குடிக்கிறதை விட்டுட்டுத் திரும்புச்சு. கண்டக்டர், "யாரு பெத்த பிள்ளைம்மா அது, அப்பனைத் தேடிக்கிட்டு பஸ்ஸுல அலையுது?"ன்னார். அந்தப் பொண்ணுங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க.

அனு திரும்பல.

ஜன்னல் வழியா ஒரு மாட்டைப் பாத்துக்கிட்டிருந்தா. மாடு போற வரைக்கும் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்துச் சிரிச்சா.

அந்தப் பொண்ணு போனை எடுத்து, "சொல்லுங்க மாமா"ன்னு பேச ஆரம்பிச்சிட்டா. நான் அவளைத் திட்டிட்டேன். "பிள்ளை காதுக்கிட்ட இப்படியா வைக்கிறது, அறிவில்ல?" பாவம், முகம் சுண்டிப்போச்சு. "பாப்பா அழுகவே இல்லையேக்கா"ன்னா.

அழுகவே இல்ல. ஆமா.

17.7.08 வியாழன்

ஆடி பொறந்துருச்சு. தெருவுல பாதி வீட்டுல கூழ் வாசனை. அத்தை மாதா மன்றத்துக்குப் போன நேரம், கரண்டும் இருந்த நேரம்.

அதே சாப்ட்வேர். அதுல சும்மா "பீ..."ன்னு ஒரு சத்தம் உண்டாக்கலாம். நம்பர் குடுத்தா அந்த உயரத்துக்கு வரும். சின்ன நம்பர் தடிச்ச குரல், பெரிய நம்பர் கீச்சு. வரிசையா செஞ்சு, ஒவ்வொண்ணையும் ரிங்டோனா போன்ல ஏத்தினேன். அனு தரையில உக்காந்து பருப்புச் சோறு. நான் பின்னால, அவ என் நிழலைக் கூடப் பாக்காத மாதிரி.

– கீச்சு: ஒண்ணுமில்ல. எனக்குக் காது கூசுது. பக்கத்து வீட்டு நாய் குரைச்சது.
– நடு: ஒண்ணுமில்ல. பருப்பை விரலால தேய்க்கிறா.
– கொஞ்சம் கீழ: ஒண்ணுமில்ல.
– ரொம்பத் தடிச்சது, கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல, முழுச் சத்தம்: நிமிர்ந்தா. எழுந்து போய் ஸ்பீக்கர் மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நின்னா.
– அவ "அப்பா" டோன்: ஒண்ணுமில்ல.

அப்புறம் போனை வைப்ரேட்டுல போட்டு அவ தட்டு ஓரத்துல வச்சேன். தட்டு கிடுகிடுன்னு ஆடுச்சு. உடனே பாத்தா, சிரிச்சா, ரெண்டு கையாலயும் தட்டைப் பிடிச்சா.

பாத்திரம் விழுந்தா திரும்புறாளே, கதவைச் சாத்தினா திரும்புறாளேன்னு அத்தை சொல்றது இதுதான். தரை சொல்லுது அவளுக்கு.

கடைசியா எதிர்ல உக்காந்து, சத்தமே வராம, வாயை மட்டும் அசைச்சு "அப்பா"ன்னேன். என் உதட்டையே பாத்தா. அவ உதட்டையும் ஒட்டித் திறந்தா: ப்பா.

ரிக்கார்டு பண்ணின "ப்பா" அவ சும்மா இட்லி ஊதினதுன்னு நினைச்சேன். அன்னைக்கும் நான் ஊதுறப்ப என் வாயைப் பாத்துத்தான் செஞ்சிருக்கா.

டாக்டர் இல்ல நான். தப்பா இருக்கலாம். தப்பா இருக்கணும் மாதாவே. ஆனா பாக்கணும். பாக்க விடாம எல்லாரும் ஒரு ரிங்டோனைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

18.7.08 வெள்ளி

காலையில அவர் போன். நேத்து வீட்டுல நானே டெஸ்ட் எடுத்ததை முழுசா சொன்னேன்.  முடிச்சதும், "நீ ரொம்பப் படிச்சிட்ட ஸ்டெல்லா, அதான் பிரச்சனை. நல்லா இருக்கிற பிள்ளையை நோண்டாத"ன்னார். "மெயிலைப் படிச்சீங்களா இல்லையா?"ன்னு கேட்டேன். "வேலை இருக்கு"ன்னு வச்சிட்டார். வெள்ளிக்கிழமை என்ன வேலை?

நேரா அடுப்படி. அத்தை பீர்க்கங்கா சீவிக்கிட்டிருந்தாங்க.

"அத்தை, அனுவுக்குக் காது கேக்கல. செவ்வாக்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"மெதுவாப் பேசு. அடுத்த வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

"என்ன கேக்கட்டும்? பொம்பளப் பிள்ளடி. காது கேக்கலன்னு ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர்ல எழுதிட்டான்னா அது சாகுற வரைக்கும் கூடவே வரும். நாளைக்கு எவன் கட்டுவான்?"

"ரெண்டேகால் வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா? பேப்பர்ல எழுதாட்டி கேட்டுருமா?"

கத்திட்டேன். இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவை. அத்தை கத்தல. சீவுறதையும் நிறுத்தல.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உனக்கு முன்னாடி பாத்தவ நான். கைப்பிள்ளையா இருக்கயிலயே. தகரத்துல மழை பேஞ்சப்ப எல்லாப் பிள்ளையும் முழிக்கும், இது தூங்குச்சு. அன்னைக்கே தெரியும்."

அத்தை அடுத்த பீர்க்கங்காயை எடுத்தாங்க.

"எந் தங்கச்சி நத்தத்துல இருக்கா. பாத்திருக்கேல்ல? பாத்திருக்க மாட்ட, கல்யாணத்துக்கு அவளை யாரும் கூட்டிட்டு வரல. ஊமைன்னாத்தான் ஊருக்குத் தெரியும். மாந்தோப்புல காவலுக்கு இருக்கா. காவலுக்கு! சத்தமே கேக்காதவ! அந்தப் பேரு எம் பேத்திக்கு வரக்கூடாதுன்னு நினைச்சேன். அந்தப் போன்ல அப்பான்னுச்சு பாரு... செத்த நேரம் எல்லாம் சரியாயிருச்சுன்னு நம்பிட்டேன். நம்பினா என்ன இப்ப?"

"சித்தி பேரு என்ன அத்தை?"

சீவுற கத்தி நின்னது.

"பிலோமினா," அப்படின்னாங்க. சொல்லிப் பாக்குற மாதிரி. 

எனக்குக் கோபம் போகலை. தெரிஞ்சே எம்பிள்ளையோட ரெண்டு வருசத்தை மறைச்சு வச்சவங்க. இரக்கமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா எதை எழுதுறது?

19.7.08 சனி

என் செல்லுல காசில்ல, பூத்துல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன். 22ந்தேதி இடம் இன்னும் யாருக்கும் குடுக்கலையாம். "வருவீங்களா இல்ல மறுபடி கேன்சல் பண்ணுவீங்களாம்மா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. வருவோம்னேன். என் குரல் எனக்கே பெருசாக் கேட்டுச்சு.

ஜான்சன் டிபன் பாக்ஸ் வாங்க வந்தப்ப, அவனையே பிடிச்சு நிறுத்தி, அனு பின்னால நின்னு அவன் போன்ல அந்த டோனைப் போடச் சொன்னேன். போட்டான். மறுபடி போட்டான். குனிஞ்சு காதுகிட்ட வச்சுப் போட்டான். அவ பொம்மைச் சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இருந்தா.

"மதினி," அப்படின்னான். போனைச் சட்டைப்பையில போட்டுட்டு டிபன் பாக்ஸை எடுத்தான்.

வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னான்: "அண்ணன் மெயிலைத் திறந்தா கூட என்ன பைல் வந்திருக்குன்னு மட்டும்தான் பாக்கும். எழுத்தை வாசிக்காது. பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான், படத்தைப் பாத்துட்டு புஸ்தகத்தை மூடிரும்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தை செவுத்தைப் பாத்துக்கிட்டு, "செவ்வாக்கிழமை எத்தனை மணி பஸ்ஸு?"ன்னாங்க. ஆறரைன்னேன். "காத்தடிக்கும். பிள்ளை தலைக்கு ஏதாச்சும் கட்டு." அம்புட்டுத்தான்.

நாளைக்கு: மஞ்ச கவுனு துவைக்கணும். டாக்டர் சீட்டு எடுத்து வைக்கணும். வேற டிரஸ், பிஸ்கட், துண்டு. பூசை முடிஞ்சதும் பி.செ.

20.7.08 ஞாயிறு

பி.செ.ல கூட்டம், எல்லாம் ஏதோ ரிசல்ட் பாக்குற பிள்ளைங்க. காத்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பையன் போன் அடிச்சது. என்ன டோன்னு எழுத வேண்டியதில்ல. இந்தத் தடவை நான் திரும்பல.

அனுப்பின மெயிலை அப்படியே இங்க எழுதி வச்சுக்கிறேன். பின்னாடி நான் சொல்லலன்னு யாரும் சொல்லக்கூடாது.

"ஏங்க,

இதுல டோன் இல்ல, போட்டோ இல்ல, திறக்குறதுக்கு எதுவும் இல்ல. எழுத்து மட்டும்தான். அதனால முழுசாப் படிங்க.

அனு அப்பான்னு கூப்பிடல. உங்க போன்ல இருக்கிறது குளிக்கிறப்ப வந்த ஒரு சத்தமும் சாப்பிடுறப்ப வந்த ஒரு சத்தமும். சேத்தது நான். போன மெயில்லயும் எழுதினேன், போன்லயும் சொன்னேன், ரெண்டு தடவை. நீங்க கேக்கல. எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம். இந்த வாரம் முழுக்க இருந்தது, இப்பவும் இருக்கு.

அவ குரலையே அவ காதுகிட்ட வச்சோம். திரும்பல. ஜான்சனும் பாத்தான், கேட்டுக்குங்க. அத்தைக்கும் தெரியும்.

ஆனா நான் வாயை அசைச்சா அவ பாத்து அசைக்கிறா. உங்க பேரைத்தான் அசைக்கிறா. போன்ல அது உங்களுக்கு வராது, வந்து பாத்தாத்தான் தெரியும்.

டோனை அழிக்கச் சொல்லல. வச்சுக்குங்க. அது நிஜம்னு மட்டும் வச்சுக்காதீங்க.

செவ்வாக்கிழமை காலையில ஆறரை பஸ்ஸுல மதுரை போறோம். நீங்க சரின்னாலும் போவோம், வேணாம்னாலும் போவோம். சரின்னு சொன்னா கொஞ்சம் தைரியமாப் போவேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் வைக்காதீங்க. படிச்சதும் சீக்கிரம் பதில் போடுங்க."